வைகிகியில் ஒரு காலை: படகா, பலகையா, வெறும் உடம்பா?

"ஹவாய் போகிறோம், சர்ஃபிங் கிளாஸ் எதில் சேரலாம்?" ஓவாஹு தீவுக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். தங்கப்போவது நாலைந்து நாள். பேர்ல் ஹார்பருக்கு ஒரு நாள், டைமண்ட் ஹெட் ஏற ஒரு நாள் என்று ஒதுக்கியதுபோக, கடலுக்கு மிஞ்சுவது ஒரு காலை. அதற்குள் பலகைமேல் எழுந்து நின்று ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எல்லாருடைய கணக்கும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு காலைதான் என்றால் பலகையை விடுங்கள். ஓவாஹுவின் பேர்போன கடற்கரையான வைகிகியில் துடுப்புப் படகில் ஏறி அலை பிடியுங்கள். இரண்டு காலை கிடைத்தால் மறுநாள் பலகை. மற்ற வழிகள் யாருக்குச் சரிப்படும் என்பதையும் பார்த்துவிடலாம்.

படகு என்றதும் பலருக்கு முகம் சுருங்கும். அது வயதானவர்களை உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டும் சவாரி, நிஜமான சர்ஃபிங் பலகையில்தான் என்று ஒரு நினைப்பு. ஹவாயின் பழைய கதை தெரிந்தால் அந்த நினைப்பு நிற்காது.

அலைமேல் சறுக்குவதை ஹவாய்க்காரர்கள் ஹெஎ நலு என்பார்கள். நின்றுகொண்டு வருவது அதில் ஒரு வகை, அவ்வளவுதான். சின்னப் பலகையில் வயிறு படியப் படுத்துக்கொண்டு வருவது பைப்போ. ஆறேழு அடியிலிருந்து பன்னிரண்டு அடிவரை நீளமுள்ள, மெல்லிய அலாயா பலகையில் படுத்தும் மண்டிபோட்டும் நின்றும் வந்தார்கள். ஓலோ என்பது பெருந்தலைகளின் பலகை. பதினைந்து அடி, அதற்கு மேலும் போகும். எடை குறைவாக இருக்க அதை விலிவிலி மரத்தில் செய்தார்கள். விலிவிலி நம் ஊர்க் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த மரம். பலகையே இல்லாமல் உடம்பை நீட்டி அலையோடு வருவது கஹா நலு. அப்புறம் வாஆ என்கிற படகு. படகில் அலை ஏறுவது தனிக் கலை. போதாதென்று, படகிலிருந்து பலகையோடு குதித்து அலையைப் பிடித்துக் கரைசேரும் லெலெ வாஆ என்ற வித்தையும் இருந்தது. முதலாம் கமேஹமேஹா மன்னரின் மனைவி காஅஹுமனு அதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர்.

அரசர், மீனவர், பெண்கள், குழந்தைகள் என்று எல்லாரும் கடலில் இருந்த காலம் அது. மழைக்காலத் தொடக்கத்தில் வரும் மகஹிகி பருவத்தில் போர் கூடாது. சில மாதங்களுக்கு விளையாட்டு, விருந்து, பந்தயம்தான். அலை எழாத நாட்களில் போஹுவேஹுவே என்ற கொடியைப் பிடுங்கித் தண்ணீரை அடித்து அலையைக் கூப்பிடுவார்கள். அந்தக் கொடி வேறொன்றுமில்லை, நம் கடற்கரை மணலெல்லாம் படர்ந்து கிடக்கும் அடும்புதான். நெய்தல் பாட்டுகளில் தலைவனின் தேர்ச்சக்கரம் ஏறி நசுக்கிக்கொண்டு போகுமே, அதே கொடி.

ஐரோப்பியர்கள் எழுதிவைத்த அலைச்சவாரிக் குறிப்புகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று 1777இல் தாஹிட்டியில் எழுதப்பட்டது. ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன், ஒரு மனிதன் சின்னப் படகோடு அலைக்காகக் காத்திருந்து, அதன்மேல் ஏறிக் கரைவரை வந்து, திரும்பவும் கடலுக்குள் போவதைப் பார்த்து வியந்திருக்கிறார். மீன் பிடிக்கவும் இல்லை, எதையும் ஏற்றிப்போகவும் இல்லை. சந்தோஷத்துக்காக மட்டும் செய்தான். ஹவாயில் பலகைச் சவாரியைப் பார்த்து குக்கின் அதிகாரிகளில் ஒருவரான ஜேம்ஸ் கிங் விரிவாக எழுதியது அதற்குப் பிறகு, 1779இல். படகை இரண்டாந்தரமாகப் பார்ப்பதற்கு வரலாற்றில் ஆதாரம் ஒன்றும் இல்லை.

படகு

வைகிகி மணலில் வரிசையாகக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் கிடக்கும் படகுகளைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் ஒல்லித்தனம். நீளம் முப்பது நாற்பது அடி இருக்கும், அகலம் ஒரு ஆள் இடுப்பு நுழையும் அளவுதான். இப்படிப்பட்ட படகு தனியாகத் தண்ணீரில் நிற்காது. அதனால் இடப்பக்கம் வளைந்த இரண்டு கழிகளை நீட்டி, அவற்றின் முனையில் ஒரு மிதவையைக் கட்டியிருப்பார்கள். கழிக்கு இயாக்கோ என்று பெயர், மிதவைக்கு அமா. முன்பு கோஆ மரத்தைக் குடைந்து செய்தார்கள். இன்று சவாரிக்கு வருபவை பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். வடிவம் மட்டும் அதேதான்.

பின்னால் சுக்கான் பிடிப்பவர் ஒருவர், பெரும்பாலும் முன்னால் அவருடைய ஆள் ஒருவர், நடுவில் நாம். கையில் துடுப்பைக் கொடுத்து மணலிலேயே இரண்டு நிமிடம் சொல்லித்தருவார்கள்: ஒரு கை துடுப்பின் உச்சியில், மறு கை அலகுக்குச் சற்று மேலே. முன்னே இருப்பவர் எப்போது வலிக்கிறாரோ அப்போதே நீங்களும். தோளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி வலித்தால் கை நோகாது.

முக்கியமான பாடம் ஒன்று உண்டு: வலப்பக்கம் சாயாதீர்கள். மிதவை இடப்பக்கம் இருப்பதால், எல்லாரும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் அது தண்ணீரைவிட்டு எழும்பும். ஒரு அளவுக்கு மேல் எழும்பினால் படகு கவிழும். அதற்கு ஹூலி என்று பெயர். சுக்கான்காரர் சத்தம் போட்டால் யோசிக்காமல் இடப்பக்கம் சாய வேண்டும். போட்டோ எடுக்கப் பின்னால் திரும்பும் ஆசையை அங்கே அடக்கிக்கொள்வது நல்லது.

கரையிலிருந்து உள்ளே போகும்போதே பாதி வேடிக்கை. எதிரே உடைந்து வரும் நுரையின்மேல் மூக்கு ஏறி, ஒரு நொடி காற்றில் நின்று, தட்டென்று தண்ணீரில் அறையும். முன்னால் உட்கார்ந்தவர் முழுக்க நனைந்துவிடுவார். பிறகு அலை உடையும் இடத்துக்கு வெளியே போய்ப் படகைக் கரைப்பக்கம் திருப்பி நிறுத்திக் காத்திருப்பார்கள். நம் கண்ணுக்கு எல்லா அலையும் ஒன்றுபோல்தான் இருக்கும். சுக்கான்காரர் ஒன்றை விடுவார், இன்னொன்றை விடுவார், மூன்றாவதைப் பார்த்து "வலிங்க, வலிங்க" என்று அவர் மொழியில் கத்துவார். எட்டுப் பத்து முறை துடுப்பு வலிப்பதற்குள் பின்பக்கம் மெல்லத் தூக்கும். "போதும்" என்றதும் துடுப்பைத் தூக்கிவிட்டால், யாரும் வலிக்காமலேயே படகு தன் போக்கில் பாயத் தொடங்கும்.

அப்போது பின்னால் திரும்ப முடிந்தால் பார்க்க வேண்டியது அந்த மனிதரைத்தான். எழுந்து நின்று, துடுப்பின் அலகைப் படகின் விலாவோடு ஒட்டிச் செங்குத்தாக இறக்கி, அதையே சுக்கானாக அழுத்திப் பிடித்திருப்பார். இப்போது அந்தப் படகின் எடை, ஆறு பேரின் எடை, அலையின் வேகம் எல்லாம் அந்த ஒரு அலகில்தான். முன்மூக்கு தண்ணீருக்குள் குத்தாமல், படகு குறுக்கே திரும்பாமல், வழியில் பலகையோடு மிதக்கும் கற்றுக்குட்டிகள்மேல் ஏறாமல் கொண்டுவர வேண்டும். வருடக்கணக்காக அதே கடலில் இருந்தவரால்தான் முடியும். நம் பங்கு சின்னதுதான். ஆனாலும் நாம் வலிக்காவிட்டால் அலை கிடைக்காது.

ஒரு சவாரியில் வழக்கமாக இரண்டு மூன்று அலைகள் கிடைக்கும். மொத்தம் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வைகிகியில் கிடைப்பதிலேயே மலிவு இதுதான். குழுவாகச் சேரும் பலகைப் பாடம் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும், தனிப்பாடம் அதற்கும் மேலே. அறுபது வயது அம்மா, எட்டு வயதுப் பையன், நீச்சல் தெரியாத அண்ணி, ஜிம்முக்குப் போகும் மாப்பிள்ளை என்று எல்லாரும் ஒரே படகில் ஒரே அலையைப் பிடிக்கலாம். வேறு எதிலும் இது முடியாது. ஒருவர் மட்டும் கரையில் பைகளுக்குக் காவல் இருக்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

குறையும் சொல்ல வேண்டும். கடல்தான் கவிழ்க்கும் என்றில்லை, கவனக்குறைவும் கவிழ்க்கும். நீச்சல் தெரியாதவர்கள் ஏறும் முன்பே அதைச் சொல்லி, மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது கட்டாயம். கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் தொந்தரவு உள்ளவர்கள் வேண்டாம். படகு அறைந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அது நேரே முதுகில்தான் தெரியும். சின்னக் குழந்தைகளுக்கான வயது வரம்பு ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: "நான் செய்தேன்" என்ற திருப்தி இதில் குறைவு. அது வேண்டும் என்றால் அடுத்தது.

பலகை

வைகிகி பலகைக்குப் பேர்போன இடம் ஆனதற்கு இயற்கையான காரணம் உண்டு. கரையிலிருந்து வெகுதூரம் வரை ஆழமில்லாத பவளப்பார் சரிந்துகொண்டே போகிறது. அதனால் அலை மடாரென்று கவிழாமல், நிதானமாக, நீண்ட தூரம் உடைந்துகொண்டே வரும். டியூக் கஹனமோகு 1917இல் இங்கே ஒரு பெரிய அலையில் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் வந்ததாகச் சொல்வார்கள். அவர் அலை பிடித்த வெளிப்பகுதியின் பழைய பெயர் கலேஹுவாவேஹே.

டியூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. 1890இல் ஹோனலூலுவில் பிறந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம், 1920 ஆண்ட்வெர்ப்பில் இன்னும் இரண்டு தங்கம். நீச்சல் புகழை வைத்துக்கொண்டு போன இடமெல்லாம் பலகைச் சவாரியைக் காட்டினார். சிட்னிக்குப் பக்கத்தில் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் அவர் காட்டியதை ஆஸ்திரேலியர்கள் இன்றும் பேசுவார்கள். 1925இல் கலிபோர்னியாவில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தபோது, பலகையை வைத்தே எட்டுப் பேரைக் கரைசேர்த்தார். வைகிகியில் இப்போது அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது, கழுத்திலும் கையிலும் எப்போதும் பூமாலை தொங்கும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடலுக்கு முதுகு காட்டாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஊரில் இப்படியா வைப்பது என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது.

அவர் காலத்துக்கு முன்பு ஹவாய் மக்கள் பட்டது கொஞ்சமல்ல. குக் வந்த 1778இல் லட்சக்கணக்கில் இருந்த மக்கள்தொகை, வெளியிலிருந்து வந்த நோய்களால் 1890இல் சுமார் 40,000 ஆகச் சுருங்கியது. மிஷனரிகள் சர்ஃபிங்கை ஒழித்தார்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அவர்கள் முகம் சுளித்தது உண்மைதான். ஆனால் ஊரில் ஆளே குறைந்துபோனால் கடலில் யார் இருப்பார்கள்? அப்படியும் அது முழுக்க அற்றுப்போகவில்லை. 1885இல் மூன்று ஹவாய் இளவரசர்கள் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ரெட்வுட் மரத்தில் பலகை செய்து சறுக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

1901இல் மோவானா ஹோட்டல் வந்தது. அதையொட்டி வைகிகி மணலில் பீச் பாய்ஸ் என்று அறியப்பட்ட ஆண்களின் கூட்டம் உருவானது. பாடம் சொல்லிக்கொடுப்பது, படகு ஓட்டுவது, மூழ்குகிறவரைத் தூக்குவது, சாயங்காலம் உக்குலேலே என்ற சின்னக் கிட்டார் வாசிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஸ்டீம்போட், டர்க்கி, பனாமா டேவ், ஸ்கூட்டர் பாய் என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். ராபிட் கேகாய் என்பவர் எண்பது வயதைத் தாண்டியும் போட்டிகளில் கலந்துகொண்டார். இதை வெறும் ஜாலியான கதையாகச் சொல்லிவிடவும் கூடாது. 1893இல் அரசு பறிபோனது, 1898இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1920களில் ஆலா வாய் கால்வாய் வெட்டி, வைகிகியின் சேப்பங்கிழங்கு வயல்களையும் மீன்குளங்களையும் தூர்த்து ஹோட்டல்களுக்கு இடம் செய்தார்கள். நிலம் கைவிட்டுப் போனவர்களுக்கு அலை உடையும் இடம் மட்டும்தான் தங்கள் பேச்சு எடுபடும் இடமாக மிஞ்சியது. 1908இல் தொடங்கிய அவுட்ரிகர் கனூ கிளப்பில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். டியூக்கும் நண்பர்களும் 1911இல் ஹுயி நலு என்று தங்களுக்கென ஒரு சங்கத்தை முறைப்படி அமைத்தார்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். இன்றைய கற்றுக்குட்டிப் பலகை ஒன்பது பத்து அடி நீளம், மேலே மெத்தென்ற நுரை, அடியில் திசை பிடிக்க ஃபின் என்கிற செதில். அந்தக் காலத்து ரெட்வுட் பலகையில் ஃபின் கிடையாது, திரும்ப வேண்டுமானால் பின்காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்பினார்கள். அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மணலில் படுத்து எழும்பப் பழகிவிட்டுக் கடலுக்குள் போனால், பயிற்சியாளர் அலை பார்த்து, பலகையைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, "எழுந்திரு" என்பார். அலையைத் தேர்ந்தெடுப்பதும் பிடிப்பதும் அவர். நாம் செய்வது எழும்புவது மட்டும். முதல் பாடத்திலேயே நிறையப் பேர் சில விநாடிகளாவது நின்றுவிடுவதற்கு அந்தத் தள்ளல்தான் காரணம். அதனால்தான் "நானே செய்தேன்" என்ற கணக்கில்கூடப் பலகைக்கும் படகுக்கும் இருக்கும் தூரம், பார்க்கிற அளவுக்குப் பெரிதில்லை என்கிறேன்.

யாருக்குச் சரிப்படும்? ஆழமான இடத்தில் பதறாமல் நீந்தத் தெரிந்தவர்களுக்கு. காலில் கயிற்றால் பலகை கட்டியிருக்குமே, அதைப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். கயிறு அறுவதும் உண்டு, எனவே அதை நம்பி இறங்க வேண்டாம். முட்டி வலி உள்ளவர்களுக்கு எழும்புவது கஷ்டம். கைவலிமை இல்லாதவர்கள் அலை உடையும் இடத்துக்குப் போவதற்குள்ளேயே களைத்துவிடுவார்கள். பாடம் முடிந்து வரும்போது முழங்கையும் விலாவும் உரசிச் சிவந்திருக்கும், ஆகவே ரேஷ் கார்டு என்கிற, உடம்போடு ஒட்டிய முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். விழும்போது தலைகீழாகப் பாயாமல், கை காலை விரித்துத் தட்டையாக விழ வேண்டும். கீழே பவளப்பார் இருக்கிறது, பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான்.

இன்னொரு விதி: ஒருவர் ஏற்கெனவே சறுக்கிக்கொண்டிருக்கும் அலையில் அவர் முன்னால் குறுக்கே ஏறக் கூடாது. வைகிகியில் கற்றுக்குட்டிகள் அதிகம் என்பதால் சிரித்து விட்டுவிடுவார்கள். தீவின் வேறு இடங்களில் சிரிக்க மாட்டார்கள்.

வயிற்றில் படுத்து வருவது

பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இதை யோசிக்கலாம். பைப்போவின் இன்றைய பேரன் பூகி போர்டு. அதுவும் ஹவாயில் பிறந்ததுதான். 1971இல் பெரிய தீவின் கோனா பகுதியில் டாம் மோரி என்பவர், ஒரு பாலித்தீன் நுரைத் துண்டை இறைச்சி வெட்டும் மின்கத்தியால் நறுக்கி, மேலே செய்தித்தாளை விரித்துத் துணி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து வடிவம் கொடுத்தார். இன்று உலகம் முழுக்கக் கடற்கரைக் கடைகளில் தொங்குவது அதன் வாரிசுகள்தான்.

வாடகைக்கோ விலைக்கோ எளிதாகக் கிடைக்கும், பாடம் தேவையில்லை, விழுவதற்கு உயரமும் இல்லை. கூஹியோ கடற்கரையில் தடுப்புச் சுவருக்கு உள்பக்கம் அலை சின்னது, குழந்தைகளுக்கு ஏற்றது. அங்கேயே கப்பஹுலு சுவர் ஓரமாக, உள்ளூர்ப் பையன்கள் சுவருக்குக் கையகல தூரத்தில் அலையைப் பிடித்து வளைத்துப் போவதைப் பார்க்கலாம். அது வேடிக்கை பார்க்க மட்டும். அந்தச் சுவர் ஓரம் விளையாட நம் பிள்ளைகளை விட வேண்டாம். தட்டையான அலையில் முட்டளவு நுரையோடு வந்தாலே ஏழெட்டு வயதுக்குப் போதுமான சந்தோஷம்.

என் அபிப்பிராயத்தில், ஹவாயின் கடல் விளையாட்டில் அதிகம் மதிக்கப்படாமல் போனது இந்தப் படுத்து வரும் வகைதான். நிற்பது மட்டும்தான் கௌரவம் என்பது பின்னால் வந்த விளம்பரங்களின் வேலை.

வெறும் உடம்பு

கஹா நலுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு இதற்கு என் பதில் வேண்டாம் என்பதே. ஹோனலூலுவின் பாயின்ட் பேனிக் என்ற இடம் சட்டப்படியே உடம்பால் அலை ஏறுபவர்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது, அங்கே பலகை கூடாது. போய்க் கரையிலிருந்து பார்க்கலாம், கடல்நாய் மாதிரி வருவார்கள். தீவின் கிழக்கு ஓரத்தில் உள்ள சாண்டி பீச் படத்தில் அழகாக இருக்கும். அங்கே அலை ஆழமில்லாத மணலில் நேரே கவிழ்கிறது, கழுத்து எலும்பு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். நல்ல நீச்சல்காரர்களும் முதல் பயணத்தில் அங்கே இறங்க வேண்டாம்.

பழைய மரப்பலகை

"பாரம்பரியம்தான் வேண்டும், அலாயாவிலேயே கற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்கும் உற்சாகிகளும் உண்டு. மரத்தின் அடியில் சிவப்பு மீனைக் காணிக்கையாக வைத்து வெட்டி, பவளத்தாலும் கல்லாலும் தேய்த்து, கரியும் சாறும் பூசி, எண்ணெயிட்டு, மரப்பட்டைத் துணியில் சுற்றிவைத்த பலகைகள் அவை. டாம் போஹாக்கு ஸ்டோன் போன்றவர்கள் அந்தக் கைவேலையை மீட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிறார்கள். ஆனால் சவாரி என்று வரும்போது, அரை அங்குலம் முக்கால் அங்குலம் கனமுள்ள, ஃபின் இல்லாத அந்தப் பலகை நம் எடையில் தண்ணீருக்குள் போய்விடும். பல வருடம் சர்ஃபிங் செய்தவர்களே அதில் திணறுவார்கள்.

அதற்குப் பதில் பிஷப் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1889இல் தொடங்கியது. இளவரசி பெர்னிஸ் பௌவாஹியின் நினைவாக அவர் கணவர் நிறுவியது. இளவரசியின் அப்பா ஆப்னர் பாக்கியின் பலகைகள் அங்கே சேகரிப்பில் இருக்கின்றன, சுமார் பதினைந்து அடி நீளம், 60 கிலோவுக்கு மேல் எடை. இளவரசி கையுலானியின் ஏழடிச் சொச்சம் கோஆ பலகையும் அங்கே உண்டு. ஹவாயில் கால் வைக்கும் முதல் நாளே இதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனால் நல்லது. மழை பெய்யும் கடைசி நாளுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

எந்த மாதம், எந்தக் கரை, யாரிடம்

தெற்குக் கரையான வைகிகிக்கு நல்ல அலை கோடையில், மே முதல் செப்டம்பர் வரை. தெற்கு அரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் அனுப்பிவைப்பவை அவை. டிசம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்கு வைகிகி பெரும்பாலும் சாதுவாக இருக்கும், அது முதல்முறைக்காரர்களுக்கு வசதிதான். அதே சமயத்தில் வடக்குக் கரையில் மலைபோல் எழும். வைமேயா விரிகுடாவில் 1968 முதல் உயிர்காப்பாளராக இருந்து, 1978இல் ஹோகுலேஆ என்ற பாய்மரப் படகு கவிழ்ந்த பயணத்தில் உதவி தேடிப் பலகையில் போய்த் திரும்பாத எடி ஐக்காவின் பெயரில் நடக்கும் போட்டிக்கு, அங்கே அலை போதிய உயரம் வந்தால்தான் கொடியே ஏற்றுவார்கள். குளிர்காலத்தில் வடக்குக் கரைக்குப் போனால் மணலில் தள்ளி உட்கார்ந்து பார்ப்பது மட்டும். "நார்த் ஷோரில் லெசன்" என்ற விளம்பரங்களைப் பார்த்து மயங்காதீர்கள். கோடையில் அங்கே கடல் ஏரிபோல் கிடக்கும், அப்போது வேண்டுமானால் பார்க்கலாம்.

மேற்கே மகாஹா ஊரின் கதை வேறு. பஃபலோ கேயவுலானா 1977இல் தொடங்கிய பெரிய பலகைப் போட்டியில் படகு, பைப்போ, இரட்டையர் சவாரி எல்லாம் இன்னும் ஒரே மேடையில் நடக்கும். போட்டி நடக்கும் நாட்களில் நீங்கள் தீவில் இருந்தால், மற்றதை ஒத்திப்போட்டுவிட்டு அதைப் பாருங்கள். சாதாரண நாளில் பலகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே போய் இறங்குவது மரியாதை ஆகாது. அது சுற்றுலாக்காரர்களுக்காக உருவான கரை இல்லை, ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு கூடும் இடம்.

யாரிடம் போவது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. மணலிலேயே கடைபோட்டிருக்கும் படகு, பலகைக்காரர்களிடம் நேரே நடந்து போங்கள். ஹோட்டல் மேசையிலோ செயலியிலோ பதிவு செய்தால் இடையில் கமிஷன் போகும், அன்றைய கடல் எப்படி என்று பேசக்கூட ஆள் இருக்காது. வைகிகிக் கடலில் படகுத் தலைவர், அவருக்கு அடுத்தவர், பலகைப் பயிற்சியாளர் எல்லாருக்கும் மாநில அரசின் அனுமதி தேவை. பேச்சில் அதைப் புளூ கார்டு என்பார்கள். "இருக்கிறதா?" என்று கேட்பதில் தப்பில்லை, உள்ளவர்கள் கோபிக்க மாட்டார்கள். முடிந்தபின் நன்றாக இருந்தது என்றால் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், சுக்கான்காரருக்கும் சேர்த்துத்தான்.

நின்றபடி துடுப்பு போடும் பலகையும் அதே கடைகளில் கிடைக்கும். அதுவும் வைகிகியின் பீச் பாய்களில் சிலர் படமெடுக்க வசதியாகச் செய்த ஏற்பாட்டிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் காற்றடிக்கும் நாளில் முதல்முறைக்காரரைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். வைகிகியில் வழக்கமான காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான் வீசுகிறது. அந்த ஆசையை ஏதாவது ஆற்றிலோ ஏரியிலோ தீர்த்துக்கொள்ளலாம்.

ஆக, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம் என்றால் படகு, பிள்ளைகளுக்கு மட்டும் கூடுதலாகப் பூகி போர்டு. நீச்சல் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் முதல்நாள் படகு, மறுநாள் குழுப் பாடம். படகில் அலை எங்கே உடைகிறது, எந்த இடைவெளியில் வருகிறது என்று உட்கார்ந்தே பார்த்துவிடுவதால், மறுநாள் பலகையில் பாதிப் பதற்றம் இருக்காது. நீச்சல் தெரியாத ஒருவர் "எனக்குப் பலகைதான் வேண்டும்" என்று அடம்பிடித்தால், ஊரிலேயே ஆறு மாதம் நீச்சல் கற்றுக்கொண்டு அடுத்த முறை போகச் சொல்வேன்.

தேதி குறிக்கும் முன் இன்னும் இரண்டு விஷயம். பௌர்ணமி கழிந்து எட்டு முதல் பத்து நாளுக்குள் வைகிகிப் பக்கம் பெட்டி ஜெல்லிமீன்கள் கூட்டமாக வரும், அதன் கொடுக்கு சாதாரண எரிச்சலோடு நிற்காது. காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்து அந்த நாட்களைத் தவிர்த்துப் பதிவு செய்யுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், கடற்கரைக் காவலர்கள் நட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அப்புறம் சன்ஸ்கிரீன்: பவளத்துக்குக் கெடுதல் என்று ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்தவற்றை விற்பதை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் டியூபில் இந்த இரண்டு பெயரும் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஜிங்க் ஆக்ஸைடு உள்ளதை அங்கே வாங்கிக்கொள்ளலாம். காலை முதல் படகுக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வரிசையும் வெயிலும் இரண்டுமே நீளும்.